மார்பில் வைத்த கிராஃப்டில் கிருமி: எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும்

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி வீங்கியோ கிழிந்தோ, அந்த இடத்தில் டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாய் (கிராஃப்ட்) வைத்தவருக்கு, வருஷங்கள் கழித்துக்கூட, விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால் சந்தேகம் அந்தக் குழாய் மீதும் விழ வேண்டும். சென்னையில் மழைக்காலமென்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் தோன்றும். அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டால், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். மருந்துக்கு முன்பே வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று செட், செட்டுக்கு 20 மி.லி. எடுத்துவிடுங்கள்.

சி.டி.யில் குழாயைச் சுற்றி நீரும் காற்றுக் குமிழும் தெரியலாம். அழற்சி உள்ள இடத்தை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனும் உதவும். ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் கிருமி இல்லாமலேயே குழாய் ஒளிரும்.

அதே சி.டி.யில் நெஞ்செலும்புக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால், குழாயை எடுக்க நெஞ்செலும்பை அறுக்கும்போது ரம்பம் நேராகக் குழாயைக் கிழிக்கும். அதனால் நெஞ்சைத் திறக்கும் முன்பே வலது அக்குள் தமனியில் 8 மி.மீ. குழாய் தைத்து, தொடைச் சிரையிலும் குழாய் ஏற்றி, இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் பம்ப்பைத் தயாராக வைப்பார்கள். மகாதமனியின் வளைவுப் பகுதியையும் மாற்றுவதென்றால் உடலை 24–28 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தை நிறுத்தி, மூளைக்கு மட்டும் உடல் எடையில் கிலோவுக்கு நிமிடம் 10 மி.லி. அளவில் ரத்தம் தருவார்கள்.

கிருமி பிடித்த குழாய் பெரும்பாலும் திசுவோடு சேராமல் வழவழவென்று கழன்று வந்துவிடும். வம்பு இரண்டு முனைகளில்தான்: தையலுக்குத் தாங்கலாக வைத்த பழைய ஃபெல்ட் துணிப் பட்டை, பிளெட்ஜெட் என்ற சிறு துணித் துண்டு, பாலிப்ரொப்பிலின் தையல் நூலின் முடிச்சு. நரைத்த திசுவுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு துண்டு மிஞ்சினாலும் கிருமிகள் சேர்ந்து கட்டும் வழுவழுப்புப் படலமான பயோஃபிலிம் அதில் உட்கார்ந்திருக்கும். புது ரத்தம் கசியும் விளிம்பு வரும்வரை வெட்ட வேண்டும். எடுத்ததையெல்லாம் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு; அதில் கல்ச்சர் வளராது. பாதியை ஸ்டெரைல் டப்பாவில் தனியாக அனுப்பி, காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள்.

எடுத்த குழாய்க்கு மாற்றாக வைக்க, தானமாகப் பெற்று உறைய வைத்த மனிதத் தமனியே பலரின் முதல் தேர்வு. வேண்டிய அளவில் உடனே கிடைப்பது அரிது. மாட்டின் இதய உறையான பெரிகார்டியத் தகட்டைக் குழாயாகத் தைப்பது நல்ல வழி. அதை ரத்த ஓட்டம் நிறுத்துமுன்பே தைத்து முடித்துவிட வேண்டும். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கில் ஊறவைத்த டேக்ரான் மூன்றாவதுதான், கிருமிக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருந்தால் அதுவும் வீண். சுற்றியுள்ள வெற்றிடத்தை, வயிற்றிலிருந்து ரத்தக்குழாயோடு மேலே கொண்டுவந்த ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையால் நிரப்புவார்கள்.

பிறகு குறைந்தது 6 வாரம் ஊசி மருந்து. ரிஃபாம்பிசின் ஓடும்போது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அது சரியாக வேலை செய்யாமல், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கும்; ரிஃபாம்பிசினை நிறுத்திய சில வாரங்களில் எகிறும். அந்த வாரங்களில் ஐ.என்.ஆர். அடிக்கடி பார்த்தே வார்ஃபரின் டோஸைக் குறைக்க வேண்டும்.