'சேமி'க்குப் பக்கத்தில் இருந்த பட்டன்

கணக்கு எழுதும் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றுக்குச் சில வருடங்கள் திரைகள் வடிவமைத்தேன். பட்டன் என்றால் ஃபார்மில் இழுத்துப் போட்டு, மேலே பெயரை எழுதினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்த காலம் அது. திரைகள் அமைக்க நாங்கள் பயன்படுத்திய விண்டோஸ் ஃபார்ம்ஸ் கருவியில் ஒரு பட்டன் தானாகவே 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரத்தில் வந்து உட்காரும். அந்த அளவையே எல்லா இடத்திலும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒருநாள், எங்கள் மென்பொருளில் பில் பதிகிற அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவரச் சொன்னார்கள். அவர் பார்வை தாளில்தான் இருந்தது, விரல்கள் விசைப்பலகையில் ஓடின. நாற்பது வரிக்கு மேல் பதிந்துவிட்டு மவுஸைப் பிடித்து, 'சேமி'க்குப் பதிலாக ஒட்டியிருந்த 'அழி'யை அழுத்திவிட்டார். திரை முழுக்க வெறுமை. "என் தப்புதான் தம்பி, அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அவர் தப்பே இல்லை. ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், நடுவில் ஆறு பிக்சல் இடைவெளி. அதை வைத்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் ஃபிட்ஸ் விதியை ஒழுங்காகப் படித்தேன். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் சொன்னது. குறி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ, அதற்கேற்பக் கை போய்ச்சேர நேரம் கூடும். மேக் கணினியில் மெனு திரையின் மேல் விளிம்பிலேயே இருப்பதன் லாபம் இதுதான்: எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் மவுஸ் அம்பு விளிம்பைத் தாண்டாது, அதனால் மெனு மிகப் பெரிய குறி மாதிரி ஆகிவிடுகிறது. நான் இதைத் திருப்பியும் போட்டுப் பார்த்தேன். அடிக்கடி வேண்டியதைப் பெரிதாக, பக்கத்தில் வை. ஆபத்தானதைத் தள்ளி வை. 'சேமி'யை அகலமாக்கி, 'அழி'யை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

தேடத் தேட இன்னும் தவறுகள் கிடைத்தன. எங்கள் பட்டன்களை நாங்களே வரைந்திருந்தோம், மவுஸை அழுத்திய கணமே அவை வேலை செய்துவிடும். வழக்கமான பட்டன் அப்படியில்லை, விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்யும். தவறாக அழுத்திவிட்டோம் என்று தெரிந்தால் விரலை எடுக்காமலேயே மவுஸை வெளியே நகர்த்தித் தப்பிக்கலாம். அந்தச் சின்ன வாய்ப்பை நாங்கள் பறித்திருந்தோம். 'நீக்கவா?' என்று கேட்கும் பெட்டியில் என்டர் தட்டினால் 'ஆம்' என்று போகும்படி வைத்திருந்தோம். கட்டத்துக்குக் கட்டம் என்டர் தட்டியே பழகிய கைக்கு அது பொறி.

எல்லாவற்றையும்விட எழுத்துதான் எனக்குப் பெரிய பாடம். "பதிவை ரத்து செய்யவா?" என்று கேட்டுவிட்டு, கீழே 'சரி', 'ரத்து செய்' என்று இரண்டு பட்டன். எதை அழுத்தினால் பதிவு போகும்? எழுதிய எனக்கே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. 'பதிவை நீக்கு', 'பதிவை வைத்திரு' என்று மாற்றியதும் கேள்வியைப் படிக்காதவர்களுக்கும் புரிந்தது. அப்புறம், 23 பிக்சல் உயரத்தில் 'நீக்கு' என்று பெரிய எழுத்தில் போட்டால் மேலே 'நீ'யின் சுழியும் கீழே 'கு'வின் வளைவும் வெட்டுப்பட்டன. உயரத்தைக் கூட்டாமல் வேறு வழியில்லை.

எழுத்துச் சிக்கல் எல்லோருக்கும் வந்திருக்கிறது. 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கும்போது ஒரு பட்டனில் 'டு இட்' (Do It), அதாவது 'செய்' என்று வைத்திருந்தார்களாம். சோதித்துப் பார்த்த ஒருவர் அதை 'டோல்ட்' (Dolt) என்று படித்து, கணினி தன்னை மடையன் என்கிறதே என்று வருத்தப்பட்டிருக்கிறார். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி சரியாகத் தெரியவில்லை. அதன் பிறகு அது 'ஓகே' ஆனது.

புதிய பதிப்போடு அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். ஒரு பில்லை முடித்துச் சேமித்தவர் உடனே, "தம்பி, இங்க இருந்த 'அழி' எங்க?" என்றார். ஒவ்வொரு பில் முடிந்ததும் அடுத்ததற்குத் திரையைக் காலியாக்க, நாள் முழுக்க அதைத்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். முதல் முறை போனபோது அது என் கண்ணில் படவேயில்லை. அன்றே 'அடுத்த பில்' என்று தனியாக ஒரு பட்டன் வைத்தேன், 'சேமி'க்குப் பக்கத்திலேயே. சேமிக்காத பில்லில் அழுத்தினால் முதலில் சேமித்துவிட்டுத்தான் அது திரையைக் காலி செய்யும்.