43 வயதில் பத்தாவது: செய்முறை வகுப்பை விட்டுவிடாதீர்கள்

கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை எனக்கு. சேலம் சிவதாபுரம் பக்கம் ஒரு பட்டறை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. 28 வருஷம் கழித்துத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தேறினேன்.

தேர்வு எழுத வேண்டும் என்று கிளம்பியதும் ஓர் இடத்தில் விசாரித்தேன். "புத்தகம் வாங்கிப் படிங்க, போதும்" என்றார்கள். நம்பி ஆறு மாதம் படித்தேன். விண்ணப்பிக்கப் போன அன்று கவுன்ட்டரில் கேட்டார்கள்: "அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பேர் கொடுத்தீங்களா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முதல்முறை எழுதும் தனித்தேர்வர் அந்தப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். ஒதுக்கும் பள்ளிக்குப் போய் 80 சதவீத வருகை வைத்திருந்தால்தான் தேர்வு எழுத முடியும். அந்த வருஷம் அதோடு போயிற்று. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதனால் சொல்கிறேன், புத்தகத்தைத் தொடுவதற்கு முன் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய் "செய்முறைப் பதிவு எப்போது?" என்று கேட்டுவிடுங்கள். பழைய பள்ளியின் டி.சி. கையில் இருக்கட்டும். எட்டாவதே முடிக்காதவர்களுக்கு ஈ.எஸ்.எல்.சி. என்று தனித்தேர்வு இருக்கிறது, முதலில் அதை எழுத வேண்டும்.

அடுத்த வருஷம் பேர் கொடுத்தேன். எங்களுக்குக் கூலி எடைக் கணக்கு, உட்காராத நாளுக்குக் காசு கிடையாது. தீபாவளி ஆர்டர் குவிந்த வாரத்திலும் வகுப்புக்குப் போய்விட்டு, இரவு பதினொன்று வரை பற்றவைத்தேன்.

ஆய்வகத்தில் முதல் நாள் பின்வரிசையில் ஒதுங்கி நின்றேன். சுற்றிலும் என் மகன் வயதுப் பிள்ளைகள். ஆசிரியை ஒரு வெள்ளை உப்பைச் சோதனைக் குழாயில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி என் கையில் கொடுத்தார். குழாய் சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. "அம்மோனியம் குளோரைடு. கரையும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், வெப்பக்கொள் வினை" என்றார். அந்த உப்பை எங்கேயோ பார்த்த ஞாபகம். "நவச்சாரமா டீச்சர்?" என்று கேட்டேன். "அதேதாம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" சின்ன வயதில் எங்கள் தெருவில் ஈயம் பூசுகிறவர் சூடான பித்தளைப் பாத்திரத்தில் அதைத் தூவித் துணியால் தேய்ப்பார், வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சொன்னேன். பட்டறையில் பற்றவைக்கும்போது வெண்காரம் (போராக்ஸ்) எதற்கு வைக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார். சூட்டில் உலோகத்தின் மேல் படிகிற ஆக்சைடை அது கரைத்துவிடும், அப்போதுதான் பற்று, அதாவது உருக்கி ஒட்டவைக்கிற உலோகம், ஓடிப் பிடிக்கும். இத்தனை வருஷம் கைக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயத்துக்கு அன்று காரணம் கிடைத்தது. அதற்கப்புறம் நான் பின்வரிசையில் நிற்கவில்லை.

அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துக்கு 75. செய்முறையில் 15 எடுத்தாக வேண்டும். எனக்கு 22 வந்தது.

கணக்குதான் பயமுறுத்தியது. செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. இந்த இரண்டையும் தினமும் ஒன்று வீதம் போட்டுப் பழகினேன். பொடி வளையத்தைப் பற்றவைத்துப் பழகிய கைக்குக் கவராயம் நடுங்கவில்லை. கணக்கில் 41.

ஆங்கிலத்தில் 31 வாங்கித் தவறிவிட்டேன். துணைத் தேர்வில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதித் தேறினேன். ஒரு பாடம் போனால் எல்லாம் போயிற்று என்று யாரும் விட்டுவிட வேண்டாம். தேறிய பாடங்கள் அப்படியே இருக்கும்.

பட்டறையில் என் பக்கத்தில் உட்காரும் தங்கச்சி எட்டாவது வரை படித்தவள். போன வாரம் அவள் பள்ளிக்கு இரண்டு பேரும் போய் டி.சி. நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். செய்முறைப் பதிவு அறிவிப்பு வரும்வரை, மதியம் சாப்பிட்ட கையோடு அரை மணி நேரம் வடிவியல் போடுகிறோம்.