நிழல் ஒடுங்கும் நண்பகல்

ஒஸ்லோவில் இருபது ஆண்டுகள் ஓவியம் வரைந்தபின், சென்ற ஆண்டு ஜனவரியில் திருவான்மியூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தேன். டிசம்பரில் பிற்பகல் 3 மணி கடந்ததுமே சூரியன் மறைந்துவிடும் ஊருக்குப் பழகிய என் கண்களுக்கு, இங்கே காலையிலேயே சுவரெங்கும் வெளிச்சம் நிறைந்து நின்றது பெரும் பேறாகத் தோன்றியது.

ஆனால் இந்தக் காற்று என் கைப்பழக்கத்தையே மாற்றச் சொன்னது. அங்கே, குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறையின் வறண்ட காற்றில் நீர்வண்ணம் சட்டென உலர்ந்துவிடும்; இங்கே கடலோர ஈரப்பதத்தில் தாள் நெடுநேரம் நனைந்தே கிடப்பதால், ஒரு பூச்சின்மேல் மறுபூச்சு இடக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் வண்ணமோ ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. வெப்பம் அதை விரைவுபடுத்துவதால், நிதானமாகத் திருத்தும் என் வழக்கம் இனி உதவாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் பழைய கோட்டோவியங்கள் சிலவற்றை இழந்தது இன்னும் வலிக்கிறது.

நிழலும் வேறு. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் இறுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. தெருமுனைப் பூக்கார அம்மா, “தம்பி, உச்சி வெயில்ல நிக்காதீங்க” என்று அதட்டியபோது, அவருடைய கூடையின் நிழல் கூடைக்கடியிலேயே ஒடுங்கியிருந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்மையில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குச் சென்றேன். மெழுகிட்டுச் சாயமேற்றிய பாட்டிக் துணிகளை விற்றுக்கொண்டே அவர்கள் ஓவியத்தைக் காப்பாற்றிய மணல்வெளி அது. வீடு திரும்பியதும், பழைய சாம்பல்நிற வண்ணக் குழாய்களை ஒதுக்கிவிட்டு, அந்தக் கூடையை வரையத் தொடங்கினேன்.