மூட்டு ஆபரேஷனை மறுபடி தொடங்கும்போது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் முதலில் நின்றவற்றில் ஒன்று மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. உடனே உயிருக்கு ஆபத்தில்லை, தள்ளிப் போடலாம் என்று பல நாடுகளில் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் நிறுத்தியதை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று நாம் போதுமான அளவு பேசவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். தேதி தள்ளிப்போன மாதங்களில் முட்டி இருந்தபடியே இருக்காது. வலிக்குப் பயந்து நடையைக் குறைப்பார்கள், தொடைத் தசை மெலியும், முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே தூங்கிப் பழகி, கடைசியில் காலை முழுசாக நீட்டவே வராது. மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகமும் கெடலாம்.

அதற்காகத் தொற்று பரவும் காலத்தில் அவசரப்படவும் முடியாது. 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொரோனா தொற்று இருந்தவர்களில் 23.8 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தவர்களில்கூட அது 18.9 சதவீதம். முட்டி வலிக்காக வந்தவருக்கு இந்த ஆபத்தைக் கொடுக்கலாமா? தொற்று வந்தவருக்கு ஏழு வாரமாவது கழித்துச் செய்வது நல்லது என்று 2021-ல் அந்தக் குழுவே பெரிய ஆய்வொன்றில் சொன்னது.

கொரோனா வார்டுக்கும் மூட்டு வார்டுக்கும் ஒரே லிஃப்ட், அதே நர்ஸ்கள் என்றால் முந்தின நாள் டெஸ்ட் நெகட்டிவ் வந்து என்ன பயன்? தனி வழி, தனி ஆட்கள் வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் பெரும்பாலும் தொண்டையில் குழாய் விட வேண்டியிருக்காது, சுற்றி நிற்பவர்களுக்கும் தொற்று ஆபத்து குறையும்.

அப்புறம் வரிசை. பதிவு செய்த தேதியை மட்டும் பார்த்துக் கூப்பிடக் கூடாது என்பது என் கருத்து. எல்லோரையும் மறுபடி போனில் விசாரித்து, சர்க்கரை, இதயம், ரத்த அளவு எல்லாம் புதிதாகப் பார்த்து, உடம்பு தயாராக இருப்பவர்களில் படி இறங்க முடியாமல் முடங்கிக் கிடப்பவரை முதலில் எடுக்க வேண்டும். மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டாம். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை கீழே அழுத்துங்கள், காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை.

ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவர் போதும். பழமும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்கக் கிளம்பும் சொந்தங்கள், அவர் வீடு திரும்பிய பிறகும் இரண்டு வாரம் போனிலேயே விசாரிக்கட்டும்.