ப்ராசசர் கூலருக்கு இரண்டாவது ஃபேன்: வேலைக் குறிப்புகள்

மே 5, 2024, ஞாயிறு

கம்ப்யூட்டரில் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசசர், அதன் மேல் அதைக் குளிர்விக்கும் கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோ கூலர். ஒற்றை டவர் (ஃபின் எனப்படும் மெல்லிய உலோகத் தகடுகளின் ஒரே அடுக்கு), அதற்கு வெப்பத்தைக் கொண்டுபோகும் நான்கு ஹீட் பைப், முன்பக்கம் ஒரே ஒரு 120 மி.மீ. ஃபேன். அது 600 முதல் 1600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஓடும். வீடியோ ரெண்டர் போட்டால் முழு வேகத்துக்கு ஏறி, வேலை முடியும்வரை அங்கேயே நிற்கிறது. பின்பக்கம் இன்னொரு ஃபேன் மாட்டினால் என்ன மாறும் என்பதை எண்ணிலேயே பார்த்துவிடலாம்.

முதல் சோதனை வீணாய்ப் போனது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைத் தொடர்ந்து ஓடவிட்டால் இந்த சிப் 142 வாட் வரை இழுக்கும். அறை 32 டிகிரி. ஐந்து நிமிடத்தில் 90-ஐத் தொட்டு நின்றுவிட்டது. 90 இதன் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே வெப்பத்தில் இருந்துகொள்ளும். கூலரை மாற்றினாலும் 90, மாற்றாவிட்டாலும் 90 என்றால் எதை ஒப்பிடுவது? அதனால் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பிபிடி வரம்பை, அதாவது சிப் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சத்தை, 105 வாட்டில் கட்டிப்போட்டாயிற்று. இனி எல்லாச் சோதனையும் இதே 105 வாட்டில்தான்.

முறை: 15 நிமிட ஓட்டம், கடைசி 5 நிமிடத்தின் சராசரி ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளிலிருந்து, பக்கத்தில் அறை வெப்பநிலை. அறை இரண்டு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறத்தாழ இரண்டு ஏறும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று எடுத்து ஒப்பிட்டால் ஃபேனின் பலன் அந்த வித்தியாசத்துக்குள்ளேயே காணாமல் போகும்.

இன்றைய கணக்கு: ஃபேன் 1600-இல், அறை 32, சிப் 78.

மே 6, திங்கள்

புது ஃபேன் வாங்கும் முன் காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்து பார்க்க வேண்டும். முன் ஃபேனைக் கழற்றினால் அதன் பின்னால் ஃபின்களின் முகப்பில் சாம்பல் நிறத்தில் தூசு, கம்பளித் துணி ஒட்டினாற்போல். ஃபேன் மாட்டியிருக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. அகலமான பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளி, பிறகு ப்ளோயர். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். சுற்றும் மோட்டார் மின்சாரத்தை மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும்.

சுத்தம் செய்தபின் 75. மூன்று டிகிரி சும்மா கிடைத்தது.

அடுத்தது கேபினெட்டின் பின் ஃபேன். 800-இலிருந்து 1200-க்கு ஏற்றியதும் 74. இந்த ஃபேன் கூலருக்கு நேர் பின்னால், அதே உயரத்தில் இருக்கிறது. கூலரிலிருந்து வரும் காற்றை இது ஏற்கெனவே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதாவது பாதி அளவில் இதுவே இரண்டாவது ஃபேன். சின்ன கேபினெட்டில் இந்த இடைவெளி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் என்றால் கூலரில் இன்னொன்று மாட்டுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஒப்பீட்டுக்காக 800-க்கே இறக்கி வைத்தாயிற்று.

மே 8, புதன்

இட அளவு. கூலரின் பின் ஃபின் ஓரத்திலிருந்து கேபினெட் ஃபேன்வரை 52 மி.மீ. ஃபேனின் கனம் 25, கவ்விக்கும் ரப்பருக்கும் இரண்டு மூன்று. மிச்சம் 24, போதும். மதர்போர்டின் விஆர்எம் (ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க் மேல் ஃபேனின் கீழ் ஓரம் இடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இடித்தால் ஃபேனை மேலே ஏற்றி மாட்டலாம், ஆனால் இந்தக் கூலரே 159 மி.மீ. உயரம், அதற்கு மேல் பத்து மி.மீ. ஏறினால் பல கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. முன்பக்க ஃபேனுக்கு உயரமான ராம் இதே தொல்லையைக் கொடுக்கும்.

ஃபேன் தேர்வு: ஆர்க்டிக் பி12 பிடபிள்யூஎம், 200 முதல் 1800 ஆர்பிஎம். ஃபின்களின் இடுக்கில் காற்றைத் தள்ளவும் இழுக்கவும் அழுத்தம் வேண்டும். கேபினெட்டுக்கென்று செய்த, இறக்கைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி உள்ள ஃபேன் திறந்த வெளியில் நன்றாகக் காற்று தரும், ஃபின் முன்னால் திணறும். பழைய ஃபேன் 1600, புதிது 1800; இந்த அளவு வித்தியாசம் இருக்கலாம். ஒன்று மற்றதன் பாதி வேகத்தில் ஓடினால்தான் மெதுவானது வேகமானதுக்கு முட்டுக்கட்டையாகிவிடும்.

இணைப்பு. போர்டில் சிபியு ஆப்ட் ஹெட்டர் (இரண்டாவது கூலர் ஃபேனுக்கான இணைப்பு முனை) இருந்தால் அதில் மாட்டுவதே சுத்தமான வழி, இரண்டு வேகமும் தனித்தனியே தெரியும். இந்த போர்டில் அது இல்லை, ஆகவே ஒரே ஹெட்டரிலிருந்து இரண்டு ஃபேனுக்குப் பிரியும் ஒய் ஸ்ப்ளிட்டர். வாங்கும்போது இரண்டு கிளை முனைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஒன்றில் நான்கு பின் இருக்கும், மற்றதில் மூன்றாவது பின் இருக்கக் கூடாது. அந்த மூன்றாவதுதான் வேகத்தைச் சொல்லும் கம்பி. ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். இரண்டு ஃபேனின் துடிப்பும் ஒரே கம்பியில் கலந்தால் போர்டு 1000 என்றும் 2300 என்றும் மாற்றி மாற்றிக் காட்டும். மலிவான ஸ்ப்ளிட்டரில் இரண்டு முனையிலும் நான்கு பின் இருப்பதுண்டு. ஒன்றின் மூன்றாவது கம்பியை வெட்டி, முனையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால் சரியாகிவிடும்.

மின்னளவு: ஹெட்டர் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும். ஃபேன்களின் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பார்த்தால் போதும். சாதாரண 120 மி.மீ. ஃபேன் இரண்டும் சேர்ந்து அந்த அளவைத் தொடாது.

மே 11, சனி

மாட்டும் நாள். கூலரைக் கழற்ற வேண்டியதில்லை, தெர்மல் பேஸ்ட்டைத் தொட வேண்டியதில்லை. இந்த வேலையில் பெரிய நிம்மதி அதுதான். இந்த ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் உள்ள பின்கள் வளையும்.

சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, கேபினெட்டைப் படுக்க வைக்க வேண்டும். ஈவோ வந்த பெட்டியில் இரண்டாவது ஃபேனுக்கான பிளாஸ்டிக் கவ்வி ஒரு ஜோடி இருக்கும். பலர் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் இரண்டு நீளமான கேபிள் டை, ஃபேனின் மேல் துளைகளிலும் கீழ்த் துளைகளிலும் கோத்து ஃபின் அடுக்கைச் சுற்றிக் கட்டலாம். பார்க்க அழகில்லை, ஆனால் நன்றாகவே நிற்கும்.

திசையைக் கவனிக்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் கால்களும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் ஃபேனில் அந்தப் பக்கம் ஃபின்னைப் பார்த்திருக்கும். பின் ஃபேனில் அது கேபினெட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும், இறக்கைகள் திறந்து தெரியும் முகம் ஃபின்னைத் தொட வேண்டும். மனம் போன போக்கில் மாட்டினால் கை தானாக முன் ஃபேனைப் போலவே கால்களை ஃபின் பக்கம் வைக்கும். அப்படி மாட்டினால் இரண்டு ஃபேனும் ஒன்றையொன்று பார்த்து ஊதும், நடுவே ஃபின்னில் காற்று அசையாமல் நிற்கும், ஒரே ஃபேன் இருந்ததைவிட வெப்பம் ஏறும்.

கவ்விகளை ஃபேனின் மூலைத் துளைகளில் திருகும்போது நான்கு திருகையும் முதலில் பாதி, பிறகு முழுதாக. ஃபேனின் பிளாஸ்டிக்கில் திருகு தானே வழி வெட்டிக்கொண்டு போகும். இறுகியபின் இன்னும் கால் சுற்று கொடுத்தால் மூலை விரிசல் விடும். பிறகு கொக்கியை ஃபின் ஓரத்தில் ஒரு பக்கம் மாட்டி, மறு பக்கத்தைக் கட்டை விரலால் விரித்து அமுக்க வேண்டும். ஃபின் ஓரம் பிளேடு மாதிரி. கையுறை, அல்லது மடித்த துணி.

ஒயரைக் கவ்விக்குப் பின்னால் கொண்டுபோய் டையால் கட்டியாயிற்று. தொங்கும் ஒயர் இறக்கையில் பட்டால் டிக் டிக்கென்று சத்தம் வரும், கவனிக்காமல் விட்டால் சுழற்சியே நின்றுபோகும். நான்கு பின் முனை பழைய ஃபேனுக்கு, மூன்று பின் முனை புதியதுக்கு. ஹெட்டரில் எதையும் மாட்டாமல் ஆன் செய்தால் சிபியு ஃபேன் எரர் என்று திரையில் வந்து எஃப்1 கேட்கும்.

ஆன் செய்ததும் டிஷ்யூ பேப்பர் சோதனை. ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்த துண்டு. முன் ஃபேனுக்கு முன்னால் தொங்கவிட்டால் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். பின் ஃபேனுக்கும் கேபினெட் ஃபேனுக்கும் நடுவே விட்டால் பின்பக்கமாகப் பறக்க வேண்டும். பறந்தது.

மே 12, ஞாயிறு

அறை 32, 105 வாட், பின் கேபினெட் ஃபேன் 800.

ஒரே ஃபேன் 1600-இல் 75. இரண்டும் முழு வேகத்தில் 72. ஒரே ஃபேன் 1000-இல் 80. இரண்டும் ஏறத்தாழ 1000-இல் 75.

முழு வேகத்தில் கிடைத்தது மூன்று டிகிரி. அதற்காக மட்டும் என்றால் இந்தச் செலவு வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். எட்டு கோரும் ஏறத்தாழ 81 சதுர மி.மீ. சிப்புக்குள் அடங்கியிருப்பதால், வெப்பம் முதலில் அங்கிருந்து வெளியே வரவே சிரமப்படுகிறது. ஃபின்னில் எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த இடுக்கு மாறாது.

கடைசி எண்ணில்தான் விஷயம். ஒற்றை ஃபேன் 1600-இல் கொடுத்த அதே 75-ஐ இரண்டு சேர்ந்து 1000-இலேயே கொடுக்கின்றன. ஃபேன் சத்தம் வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறும். 1600-இலிருந்து 1000-க்கு இறங்கினால் 10 டெசிபல் குறையும், இரண்டாவது ஃபேன் சேர்வதால் 3 டெசிபல் கூடும், நிகரமாக 7 டெசிபல் லாபம். இரைச்சல் மெல்லிய காற்றோசையாகிவிட்டது.

மே 15, புதன்

பழைய ஃபேனையும் கழற்றிவிட்டு இரண்டும் பி12 ஆக ஒரு நாள். வெப்பத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் உம்... உம்... என்று ஏறி இறங்கும் ஒலி வந்தது. ஒரே மாதிரி ஃபேன் இரண்டும் ஒரே சிக்னலில் ஓடினாலும் வேகம் துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஐந்து இறக்கை ஃபேன் 1200-இல் ஓடினால் நொடிக்கு 100 அதிர்வு, 1170-இல் 97.5. அந்த 2.5 வித்தியாசம்தான் நொடிக்கு இரண்டரை முறை காதில் ஏறி இறங்குகிறது. எந்தக் கம்பெனி ஃபேனாக இருந்தாலும் இது வரும். தனித்தனி ஹெட்டர் இருந்தால் ஒன்றை 100 ஆர்பிஎம் குறைத்தால் தீரும். ஸ்ப்ளிட்டரில் அந்த வழி இல்லை, அதனால் பழைய ஃபேனே திரும்ப முன்னால் வந்துவிட்டது.

மே 18, சனி

ஃபேன் கர்வ், அதாவது எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்ற அளவு. பயாஸில் முதலில் ஹெட்டர் பிடபிள்யூஎம் முறையில் (சிக்னலால் வேகத்தை மாற்றுவது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டிசி முறையில் (மின்னழுத்தத்தால் மாற்றுவது) அல்ல. போட்ட அளவு: 50 டிகிரிவரை 30 சதவீதம், 65-இல் 45, 75-இல் 60, 85-இல் 100.

ரைசனில் பிரவுசரைத் திறந்தாலே வெப்பம் ஒரு நொடிக்குள் பத்து டிகிரி குதித்து இறங்கும், ஃபேனும் கூடவே கத்தி அடங்கும். வேகம் ஏறுவதற்கான தாமதத்தை 4 நொடி வைத்ததும் அது நின்றது. பிபிடி வரம்பையும் 105-இலேயே விட்டாயிற்று. ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடுகிறது.

ஜூலை 7, ஞாயிறு

ஏழு வாரம் கழித்து அதே சோதனை. அறை 30, இரண்டும் 1000-இல், சிப் 74. அறை இரண்டு டிகிரி குறைந்திருக்கிறது, 73 வந்திருக்க வேண்டும். ஒரு டிகிரி தூசுக்கு. முன் ஃபேனைக் கழற்றினால் ஃபின் முகப்பில் மெல்லிய படலம், பின் ஃபேனில் ஒன்றுமே இல்லை. சுத்தம் செய்ய முன் ஃபேனை மட்டும் கழற்றினால் போதும், பின்னால் உள்ளதை அசைக்க வேண்டாம். பின் ஃபேனின் வேகம் போர்டில் தெரியாது என்பதால் அது நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது; கதவைத் திறக்கும்போதெல்லாம் அது சுற்றுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த சுத்தம் செப்டம்பர் முதல் வாரம்.