கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஒரே தொண்டை

பாளையங்கோட்டையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் குவயரில், அதாவது பாடகர் குழுவில், ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறேன். பிழைப்புக்கு, உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஆனால் பணி அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் வகுப்பறைக்கு முன்னால் குவயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சம்பளம் கிடையாது, நினைத்த நேரத்தில் லீவும் போட முடியாது, என்றாலும் ஒரு வேலைக்கு உண்டான நேரக் கணக்கு, பொறுப்பு, களைப்பு எல்லாமே இதில் உண்டு. "இவ்வளவு ஓட்டத்துக்கு நடுவுல பாடி என்ன சந்தோஷம் டீச்சர்?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். ஓட்டம் இருப்பதால்தான் சந்தோஷமே என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஓட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் கேரல் பிராக்டிஸும் ஒன்றாக வரும். விடைத்தாள் கட்டைப் பையில் போட்டுக்கொண்டே கோயிலுக்குப் போய், மேல்குரல் பாடும் சொப்ரானோக்காரர்கள் தங்கள் பகுதியைப் பழகும் நேரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திருத்துவேன். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, வருடம் முடியும் ராத்திரி ஆராதனை. அது ஓய்ந்ததும் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம், குருத்தோலை ஞாயிறு பவனி, பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை மும்மணி ஆராதனை, ஈஸ்டர் விடியற்காலை. மே மாதம் முழுக்கக் கல்யாணம். இடையில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம் என்கிற சபை விருந்து, பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல். சாவுக்கு மட்டும் மாதக் கணக்கு கிடையாது, துக்க மணி அடித்தால் போய் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஊரில் பாடுவது என்பது லேசான காரியம் இல்லை, பெரிய சொத்துக்கு வாரிசாக நிற்கிற மாதிரி. 1780-ல் 40 பேருடைய பெயரை எழுதித் தொடங்கிய சபை, 1785-ல் குளோரிந்தா அம்மா கட்டிய சின்ன ஆலயம், பிறகு மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-ல் எழும்பிய ஊசிக் கோபுர ஆலயம் என்று எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர்தான் தஞ்சாவூர் போய்ப் பேரெடுத்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். இரட்சணிய யாத்திரிகம் எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை பக்கத்திலுள்ள கரையிருப்பில் பிறந்தவர். இசைத் தமிழை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதருக்கோ தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரை. அவர்கள் போட்ட பாதையில்தான் ஒரே ஆராதனையில் நாங்கள் இரண்டு விதமாகப் பாடுகிறோம். மேல்நாட்டு மெட்டில் வரும் பாமாலை என்றால் நாலு குரல் (பெண்களில் சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனர், பேஸ்), என் பக்கத்தில் சொப்ரானோ மெட்டை ஏந்திக்கொண்டு மேலே போனாலும் நான் என் இடத்திலேயே நிற்க வேண்டும். நம் ஊர் ராகத்தில் வரும் கீர்த்தனை வந்துவிட்டால் அதையெல்லாம் கீழே வைத்துவிட்டு தபேலாவோடு எல்லாரும் ஒரே ராகத்துக்குள் இறங்குவோம், பெஞ்சில் இருக்கும் பாட்டிமார்கள் புத்தகத்தைத் திறக்காமலே எங்களுக்கு முந்திப் பாடிக்கொண்டு போவார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் காது மாறுகிற அந்த ஒரு நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் மலைப்பது சோல்ஃபா என்கிற இசை எழுத்து முறையைப் பார்த்துத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய முறை அது. கோடு போட்ட நொட்டேஷன் கிடையாது. டோ, ரே, மி என்பதன் முதல் எழுத்துகள் மட்டும் வரிசையாக இருக்கும், தாளத்தைக் காட்ட இடையில் புள்ளியும் கோடும். எங்கள் பேஸ் வரிசையில் நிற்கும் ரிட்டயர்டு தபால்காரத் தாத்தா எந்தப் பாட்டையும் அதைப் பார்த்து உடனே பாடிவிடுவார். ஆல்டோவுக்குப் பெரும்பாலும் சோ, சோ, சோ, ஃபா, சோ என்று ஒரே இடத்தில்தான் ஓடும். தனியாகப் பாடிக் காட்டினால் வீட்டில் யாருக்கும் என்ன பாட்டு என்றே தெரியாது. நாலு குரலும் சேரும்போதுதான் நான் பாடியது எதற்கு என்று எனக்கே கேட்கும்.

அப்புறம் மூச்சு. நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்பவர் எடுக்காத இடத்தில்தான் நான் எடுக்க வேண்டும். பழகப் பழக இது பேசாமலே நடக்கும். யார் எங்கே மூச்சு விடுவார் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். இது வெறும் தொழில்நுட்பம் என்றுதான் நானும் இருந்தேன், கல்லறைத் தோட்டத்தில் அதன் வேலையைப் பார்க்கும் வரை.

அது ஒரு மே மாதத்துச் சனிக்கிழமை. காலையில் கல்யாணம், சாயங்காலம் அடக்கம். அந்த வாரம்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்திருந்தது. என் பாடத்தில் சில பிள்ளைகள் தவறியிருந்தார்கள், பள்ளியில் விளக்கம் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டும், அதை எழுதத் தொடங்கினால் கை ஓடவில்லை. என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள் என்ற நினைப்பு ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருந்தால் அன்றைக்குப் பாடவே போயிருக்க மாட்டேன். ஆனால் ஆல்டோவில் இருந்ததே கொஞ்சம் பேர், போகாமல் முடியாது.

கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் போகும் நேரம்தான் எங்களுடைய ஸ்பெஷல் பாட்டு. சபையில் பாதிப் பேர் அப்போது பேசிக்கொண்டிருப்பார்கள், போட்டோக்காரர் குறுக்கே நடப்பார். யாரும் கேட்கவில்லை என்று நாங்கள் குறைத்துப் பாடுவதில்லை. அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா மட்டும் முன் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெயிலில் அங்கிக்குள் வேர்வை ஓடுகிறது, ஆனால் மூச்சு இழுத்து விடும் கணக்கில் மனசு தானாக அடங்கியது. பந்திக்குப் போகுமுன் குவயர் மாஸ்டர் சார் வந்து, "தொண்டையை மிச்சம் வைங்கம்மா, சாயங்காலம் வேணும்" என்றார். பிளாஸ்கில் கொண்டுபோயிருந்த பனங்கற்கண்டுப் பால்தான் அன்றைக்குக் கைகொடுத்தது.

நாலு மணிக்குத் துக்க வீடு. பந்தலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து பாடினோம், அங்கிருந்து கோயில், பிறகு கல்லறைத் தோட்டம். அங்கே கீபோர்டு கிடையாது, சார் பிட்ச் பைப்பில் ஊதிக் காட்டும் ஒரே சுருதிதான். மேல்காற்று தாளைப் பறக்கடிக்கும், அதனால் மனப்பாடம்தான். இறந்துபோன அம்மா எங்கள் டெனர் அண்ணன் ஒருவருக்குச் சித்தி. மண் போடத் தொடங்கியதும் அவர் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவர் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனார், அதற்குள் பேஸ் தாத்தா கொஞ்சம் அழுத்தினார், வரி அறுபடவில்லை. இரண்டு அடிக்குப் பிறகு அண்ணனும் வந்து சேர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்த விளக்கக் கடிதத்தை எடுத்தேன். காலையிலிருந்து என்னுடைய மானத்தைப் பற்றி ஒருதரம்கூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வீட்டின் மிகப் பெரிய சந்தோஷத்துக்கும் இன்னொரு வீட்டின் மிகப் பெரிய துக்கத்துக்கும் பக்கத்தில் போய் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன், அந்த அளவுக்கு முன்னால் என் கடிதம் ஒரு தாள்தான். கால் மணி நேரத்தில் எழுதி முடித்தேன். மீதி ராத்திரியில் தவறிய பிள்ளைகளைப் பற்றித்தான் யோசித்தேன். துணைத் தேர்வு வரப்போகிறது, யாருக்குக் கணக்கில் எந்தப் பகுதியில் கை பிடிக்க வேண்டும் என்று. திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

2023 டிசம்பரையும் சொல்லியாக வேண்டும். 17-ம் தேதி ஞாயிறு, காலையிலிருந்தே விடாத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு சிந்துபூந்துறை, கைலாசபுரம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு எல்லாம் தண்ணீரில் நின்றது, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் போக வழியே இல்லை. அந்த வருடம் கேரல் ரவுண்ட்ஸ் என்று தனியாக ஒன்றும் இல்லை. அதற்குச் சொல்லி வைத்திருந்த வேனில் போர்வையும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு போனோம். கிறிஸ்துமஸ் அதிகாலையில் பாட வந்தவர்களில் சிலருக்கு வீட்டுக்குள் சேறு, அங்கி எங்கே போனது என்றே தெரியவில்லை. "இன்னைக்கு யாரும் அங்கி போடாண்டாம்" என்று சார் சொல்லிவிட்டார். யாரோ கொடுத்த சேலையிலும் சட்டையிலும் நின்று அன்றைக்குப் பாடியது போல நாங்கள் அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. பிராக்டிஸ் குறைவுதான், சுருதியும் ஒன்றிரண்டு இடத்தில் இறங்கியது, ஆனாலும் எனக்கு இன்றைக்கும் அந்த ஆராதனைதான் முதலிடம்.

இப்போது ஆல்டோவில் ஒரு நர்சிங் மாணவி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தூக்கக் கண்ணோடு வருவாள், சோல்ஃபா பழக்கிக்கொண்டிருக்கிறேன். "டீச்சர், அடக்கத்துக்கும் நான் வரலாமா, அழுதுட்டா என்ன செய்ய?" என்று போன வாரம் கேட்டாள். தாராளமாக வா, எனக்கு இடது பக்கம் நில்லு, நான் மூச்சு எடுக்கிற இடத்தில் நீ எடுக்காதே, அது போதும் என்றேன். பண்டிகைப் பாட்டுக்கு இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குப் பிராக்டிஸ், வேனில் அவளுக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.