வைக்கோல் எரித்த சாம்பலை யார் வாங்குவார்கள்?

டெல்லியைச் சுற்றியுள்ள அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு வைக்கோல் பெல்லட்டையும் (வைக்கோலை அழுத்திச் செய்த சிறு கட்டி) சேர்த்து எரிக்கிறார்கள் என்பது பலருக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். பஞ்சாப், ஹரியானாவில் அறுவடை முடிந்ததும் வயலிலேயே நெல் தாளைக் கொளுத்துவதைக் குறைக்க வந்த ஏற்பாடு அது. மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியின் தாத்ரி நிலையத்தில் 2017-இல் ஆரம்பித்தது, 2021 அக்டோபரில் மத்திய மின்துறை அதைத் திருத்திய கொள்கையாக அறிவித்தது, பிறகு 2024-25 முதல் 5 சதவீதம் கட்டாயம் என்றானது. அந்தப் பக்கம் ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், சாம்பல் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தேன். எரிப்பதைப் பற்றிப் பேச நிறைய பேர் இருந்தார்கள். எரித்து முடித்ததும் வருகிற சாம்பலை யார் தலையில் கட்டுவது என்பது மட்டும் எங்கள் பாடு.

சாம்பல் தேங்கினால் சும்மா விடமாட்டார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31-ஆம் தேதி அறிவிக்கைப்படி வருகிற சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாமல் விட்டால் டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு. நல்ல விலை கொடுக்கிறவர்கள் சிமென்ட் ஆலைக்காரர்கள்தான். பிபிசி எனும் போர்ட்லேண்ட் போசலானா சிமென்டில் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் (உலைப் புகையோடு பறந்து வரும் நைஸ் சாம்பல்) கலக்கலாம் என்பதால் அவர்களுக்கும் அது காசு. பல்கர் எனும் டாங்கர் லாரிகள் விடிகாலையிலேயே சாம்பல் சேமிக்கும் சைலோ கீழே வரிசை கட்டி நிற்கும்.

பெல்லட் எரிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக்காரர் போன் செய்தார். "என்ன ஜி, அரிசி ஆலைச் சாம்பலை எங்களுக்கு அனுப்புகிறீர்களாமே?" என்று இந்தியில் கேட்டார். அவர் மனதில் இருந்தது அரிசி ஆலை பாய்லருக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும் கறுப்புச் சாம்பல். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பாத்திரம் துலக்கினால் எண்ணெய்ப் பிசுக்கு போனதற்கும் அந்தப் பொட்டாசியக் காரம்தான் காரணம். கான்கிரீட்டுக்குள் காரம் மிஞ்சினால் சில வகை ஜல்லியோடு வினைபுரிந்து விரிசல் விடும், குளோரைடு மிஞ்சினால் கம்பி துருப்பிடிக்கும். ஃப்ளை ஆஷுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3812-இல் காரத்துக்கு 1.5 சதவீதம், குளோரைடுக்கு 0.05 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருப்பது அதனால்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. நூறு டன் எரிபொருளில் 95 டன் நிலக்கரி, 5 டன் வைக்கோல் என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஊர் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான், 35 சதவீதம் என்றால் 33 டன் சொச்சம். வைக்கோலில் 15 சதவீதம் சாம்பல் என்றாலும் முக்கால் டன். ஆக மொத்தச் சாம்பலில் வைக்கோலின் பங்கு இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்த வைக்கோல் சாம்பலில் ஆறில் ஒரு பங்கு பொட்டாஷ் என்று வைத்தாலும் மொத்தச் சாம்பலின் காரம் அரை சதவீதம்கூட ஏறாது. ஐரோப்பாவில் நிலைமை இப்படி இல்லை, அங்கே எரிக்கும் நிலக்கரியில் சாம்பல் குறைவு, மரமும் மற்றதும் நிறையச் சேர்ப்பார்கள், அதனால் இஎன் 450 தரநிலையின் 2012 பதிப்பில், நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும் பொருள் எடையில் 40 சதவீதம் வரை, பச்சை மரமென்றால் 50 வரை, அதிலிருந்து வரும் சாம்பல் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். நம்முடைய தரநிலையின் வரையறையில் நிலக்கரியும் லிக்னைட்டும்தான் பெயராக இருக்கின்றன. அந்த ஆலைக்காரர் அடுத்துப் பிடித்துக்கொண்டது இதைத்தான். சோதனை முடிவெல்லாம் சரி ஜி, ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது என்றார். அதற்கு ஆய்வகத்தில் பதில் கிடையாது. மாதிரி எடுத்து அவர்கள் ஆய்வகத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் லாரியை வரவைத்தோம்.

உண்மையான தொல்லை வேறு பக்கம் இருந்தது. மழைக்காலம் முடியும் சமயம் எல்ஓஐ ஏற ஆரம்பித்தது. தெரியாதவர்களுக்கு: சாம்பலை எடைபோட்டு மஃபிள் ஃபர்னஸில் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் குறைகிற எடை, பெரும்பாலும் எரியாமல் மிஞ்சிய கரி. எங்களுக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம், அது மூன்றுக்குப் போனது. வரம்பு 5, ஆகவே தேறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் கான்கிரீட்டை இளக்கமாக்க ஊற்றும் ரசாயனத்தை (அட்மிக்சர்) கரி உறிஞ்சிக்கொள்ளும், இளக்கம் சீக்கிரம் போய்விடும், பூச்சில் கறுப்புத் திட்டு தெரியும். வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

45 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது விஷயம் புரிந்தது. வழக்கமாக அடியில் தங்குவது சாம்பல் நிற மணல் மாதிரி இருக்கும். இப்போது அதன் நடுவே கறுப்பாகச் சின்னச் சின்ன நார்த்துண்டுகள், விரலில் தேய்த்தால் பொடிந்து மை மாதிரி ஒட்டின. லென்ஸில் பார்த்தால் வைக்கோலின் நீளவாட்டு வரிகூட அப்படியே தெரிந்தது. மில் நிலக்கரியை மாவாக அரைத்துவிடும், வைக்கோலை அரைக்காது. பெல்லட்டை உடைத்து மறுபடி நாராக்கி அனுப்பும். நார் உலர்ந்திருந்தால் உலைக்குள் போன உடனே பிடித்து எரிந்துவிடும், ஈரமாக இருந்தால் கரியாகி அப்படியே பறந்து வரும். எங்கள் பெல்லட் யார்டில் கூரை பாதிதான் இருந்தது, வறுக்காத சாதா பெல்லட் தண்ணீர் பட்டால் ஊதி உதிரும் என்பது வாங்கும் பிரிவுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சாம்பலைப் பற்றிய புகாருக்குத் தீர்வு சாம்பல் பிரிவில் இல்லை, யார்டுக்குத் தகரம் போடுவதில் இருந்தது என்பதை மேலே புரியவைக்கத்தான் படாதபாடு பட்டேன். அதுவரைக்கும் ஒரு வழி செய்தோம். புகையிலிருந்து சாம்பலை மின்சாரத்தால் பிடிக்கும் ஈஎஸ்பியின் முதல் ஃபீல்டில், அதாவது முதல் பகுதியில், பருமனான துகள்கள் விழும், கரித்துண்டும் பெரும்பாலும் அங்கேதான். அதைத் தனியாகப் பிரித்துச் செங்கல் சூளைக்கும் சாலை மேடு நிரப்பவும் விட்டோம், பின் ஃபீல்டுகளின் நைஸ் சாம்பல் சிமென்டுக்குப் போனது.

வைக்கோல் கொண்டுவந்த விவசாயி ஒருவர் ஒருமுறை எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார், வயதானவர், தலைப்பாகை. "வயலில் கொளுத்தினாலாவது பொட்டாஷ் மண்ணிலேயே நிற்கும், நீங்கள் எடுத்துப்போகிறீர்கள், சாம்பலைத் திருப்பித் தாருங்கள்" என்றார். நியாயமான கேள்விதான். நெல் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி தாளில்தான் நிற்கிறது, நாமோ பொட்டாஷ் உரம் கிட்டத்தட்ட முழுவதையும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஆனால் அவருடைய முக்கால் டன் எங்கள் 33 டன்னில் கரைந்துவிட்டது, நிலக்கரியின் ஆர்செனிக், ஈயம் எல்லாவற்றோடும் சேர்ந்து. அதைப் பிரிக்க வழி கிடையாது. சிமென்ட் ஆலைக்குப் பயமில்லாமல் ஆக்கிய அதே கணக்குதான் இவருக்குப் பயனில்லாமல் ஆக்கியது. வைக்கோலை மட்டும் எரிக்கும் சின்ன பாய்லர் என்றால் அந்தச் சாம்பல் வயலுக்குத் திரும்பப் போகலாம், போகவும் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். அவரிடம் சொன்னது அதெல்லாம் இல்லை. கொஞ்சம் தாளையாவது வயலில் விட்டு, தாளை அகற்றாமலே விதைக்கும் ஹாப்பி சீடர் மெஷினில் கோதுமை விதையுங்களேன் என்றேன். நெல் அறுத்துக் கோதுமை போட இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது, அந்தச் சமயத்தில் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று நீங்களே வந்து கேட்டுப் பாருங்கள் என்றார்.